பித்தக்குழாய்க் கட்டி: குழந்தைக்கு வயிற்றைத் திறப்பதா, துளை போடுவதா?

ஸ்கேன் அறிக்கையில் ‘கோலிடோக்கல் சிஸ்ட்’ என்று எழுதியிருக்கும். சிஸ்ட் என்றால் நீர்க்கட்டி என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உடனே சினைப்பை நீர்க்கட்டி ஞாபகத்துக்கு வரும். மாத்திரையில் கரையாதா, ஊசி போட்டு உறிஞ்சிவிட முடியாதா என்று மனம் கேட்கும். முடியாது. இது குழாயின் மேல் முளைத்த கட்டி அல்ல. கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் இறங்கும் குழாயே பலூன் மாதிரி உப்பிப்போன நிலை. உறிஞ்சினால் மறுபடி நிறையும். மருந்தில் கரைய அங்கே ஒன்றும் இல்லை. உப்பிய குழாயை எடுத்துவிட்டு, பித்தம் இறங்கப் புதுவழி போட வேண்டும். அதை வயிற்றைத் திறந்தும் செய்யலாம், நான்கைந்து சிறு துளைகளில் கேமராவும் கருவிகளும் விட்டும் (லேப்ராஸ்கோப்பி) செய்யலாம். இந்த இரண்டில் எதற்குத் தலையாட்டுவது என்று முடிவெடுக்க வேண்டிய கடலூர், புதுச்சேரிப் பக்கத்துப் பெற்றோருக்கான வழிகாட்டி இது.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தோலில் போடும் வெட்டு சில வாரங்களில் ஆறிவிடும். உள்ளே கல்லீரல் குழாயையும் குடலையும் சேர்த்துத் தைக்கும் ஒட்டு, பிள்ளை வளர்ந்து, வயதாகி, கடைசிவரை வேலை செய்ய வேண்டும். ‘திறப்பதா, துளையா’ என்ற கேள்வியை, ‘எந்த முறையில் இந்த டாக்டர் அந்த ஒட்டை நன்றாகப் போடுவார்’ என்று மாற்றிக் கேட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

கட்டி அதுதானா?

வயிற்றுவலி, மஞ்சள் காமாலை, வலது மேல்வயிற்றில் கைக்குத் தட்டுப்படும் வீக்கம் என மூன்றும் சேர்ந்து வரும் என்று பாடப்புத்தகம் சொல்லும். மூன்றும் ஒன்றாக இருக்கும் குழந்தைகள் குறைவு. கைக்குழந்தையிடம் காமாலையும் வெளிறிய மலமும் முந்தித் தெரியும். மூன்று வயதுக்கு மேல் விட்டு விட்டு வரும் வயிற்றுவலியும் வாந்தியுமாக வரும். பூச்சி மருந்து, வாயு மருந்து என்று மாதக்கணக்கில் ஓடிவிடும். அந்த வலி பல சமயம் கணைய அழற்சி. வலி இருக்கும் அன்றே ரத்தத்தில் அமிலேஸ், லிப்பேஸ் என்ற கணைய நொதிகளைப் பார்த்தால் பிடிபடும். வலி அடங்கி நான்கு நாள் கழித்துப் பார்த்தால் இயல்பாக வந்து ஏமாற்றும். பெண் குழந்தைகளுக்கு ஆண் குழந்தைகளைவிட மூன்று நான்கு மடங்கு அதிகமாக வருகிறது. மேலை நாடுகளைவிட ஆசியாவில் அதிகம்.

அடிப்படைக் கோளாறு பெரும்பாலும் பித்தக்குழாயும் கணையக்குழாயும் சேரும் இடத்தில் இருக்கிறது. இரண்டும் குடல் சுவருக்குள் சேர வேண்டியது. இவர்களுக்குக் குடலுக்கு வெளியிலேயே சேர்ந்து, நீளமான பொதுக்குழாயாகப் போகும். அதனால் கணையநீர் மேலேறிப் பித்தக்குழாய்ச் சுவரை அரிக்கிறது. சுவர் தளர்ந்து உப்புகிறது. தொற்று, கல், ஈரல் இறுக்கம், அபூர்வமாகக் கட்டி வெடிப்பது, வயது ஏற ஏறப் பித்தக்குழாய்ப் புற்றுநோய் என எல்லாம் இதிலிருந்து கிளைப்பவைதான். வலி நின்றுவிட்டது என்று ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாதென்று டாக்டர்கள் வற்புறுத்துவது இதனால்தான். முன்பெல்லாம் கட்டியை எடுக்காமல் அதையே குடலோடு இணைத்து விடுவார்கள். அரிக்கப்பட்ட சுவர் உள்ளேயே தங்கியதால் தொற்றும் புற்றுநோயும் வந்தன. அந்த முறை கைவிடப்பட்டது. இன்றும் யாராவது ‘எடுக்க வேண்டாம், வடிய மட்டும் வழி செய்யலாம்’ என்றால் ஏன் என்று கேளுங்கள். வெடித்த கட்டி, அடங்காத தொற்று போன்ற அவசரத்தில் தற்காலிகமாக வடிப்பது வேறு, அது நியாயம்.

முதல் பரிசோதனை வயிற்று அல்ட்ராசவுண்ட். பித்தக்குழாயின் விட்டம் கைக்குழந்தைக்கு 2 மி.மீ. அளவிலும், வளர்ந்த பிள்ளைக்கு 4 மி.மீ. அளவிலும் இருப்பது வழக்கம். அறிக்கையில் 12 மி.மீ., 40 மி.மீ. என்றெல்லாம் வரும்போது சந்தேகத்துக்கு இடமில்லை. 7, 8 மி.மீ. என்றால் கல் அடைத்ததால் தற்காலிகமாக விரிந்திருக்கவும் கூடும். மறுபடி ஒரு ஸ்கேன் பார்ப்பார்கள். அடுத்து எம்.ஆர்.சி.பி., அதாவது பித்தக்குழாயையும் கணையக்குழாயையும் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். கட்டியின் வகை, கல்லீரலுக்குள் இருக்கும் கிளைக்குழாய்கள் விரிந்திருக்கின்றனவா, கணையக்குழாய் எங்கே சேர்கிறது என்ற மூன்றும் அதில் தெரிய வேண்டும். 1977-ல் ஜப்பானிய டாக்டர் டொடானி வகுத்த எண்களைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். வெளிக்குழாய் மட்டும் உப்பியிருந்தால் வகை 1. உள்ளும் வெளியும் உப்பியிருந்தால் வகை 4ஏ. குழந்தைகளிடம் பெரும்பாலும் இந்த இரண்டுதான். திறப்பதா, துளையா என்று முடிவெடுப்பதிலும் இந்த எண் வேலை செய்யும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காமாலையோடு மலம் சுண்ணாம்பு நிறத்தில் போனால் கணக்கே வேறு. அது பித்தக்குழாய் அடைப்பு நோயாகவும் இருக்கலாம். அதிலும் சில குழந்தைகளுக்கு ஸ்கேனில் கட்டி மாதிரி தெரியும். அந்த நோய்க்கான ஆபரேஷன் பிறந்து 60 நாளுக்குள் நடந்தால் பலன் அதிகம். நம் பக்கம் காமாலை என்றதும் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுப்பதும், மூக்கில் மருந்து விடக் கூட்டிப்போவதும் நடக்கிறது. வைரஸ் காமாலை தானாகவே இறங்கும், பெயர் மருந்துக்குப் போகும். குழாய்க் கோளாறில் அப்படிப் போன வாரங்கள் திரும்பி வராது. மலத்தைப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் துணியில் வைத்து மூன்று நாள் போனில் படம் பிடியுங்கள். டாக்டரிடம் ‘கொஞ்சம் வெளிறின மாதிரி’ என்று சொல்வதைவிட அந்தப் படம் வேலை செய்யும்.

எங்கே, என்னென்ன எடுத்துக்கொண்டு

இது பொது அறுவை சிகிச்சை டாக்டர் செய்யும் ஆபரேஷன் அல்ல. குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரின் வேலை. பெரியவர்களுக்கு லேப்ராஸ்கோப்பியில் ஆயிரம் பித்தப்பை எடுத்தவர் என்றாலும் இது வேறு. இந்தப் பகுதிக்குக் கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் பக்கம். குழந்தைகள் அறுவை சிகிச்சைக்கெனத் தனித்துறை அங்கே உண்டு. சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை இன்னொரு அரசு வழி. காட்டுமன்னார்கோவில், விருத்தாசலம் பக்கமிருந்து வருபவர்கள் ஓ.பி. சீட்டுக்குக் காலையிலேயே வந்து நிற்க வேண்டியிருக்கும் என்பதால் முந்தின இரவே புதுச்சேரி வந்துவிடுவது நல்லது.

எம்.ஆர்.சி.பி. அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படங்களைப் பதிந்த சி.டி. தட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆபரேஷன் செய்பவர் எழுத்தைவிடப் படத்தைத்தான் பார்ப்பார். கர்ப்ப காலத்து ஸ்கேனில் வயிற்றில் கட்டி தெரிகிறது என்று எழுதியிருந்தால் அதுவும் வேண்டும். காப்பீட்டு அட்டை தமிழ்நாட்டுடையது, மருத்துவமனை புதுச்சேரியில் என்றால், அது அங்கே செல்லுமா, துளை முறைக்கும் சேர்த்தா, திறந்த முறைக்கு மட்டுமா என்று காப்பீட்டு மேசையில் நாள் குறிக்கும் முன்பே கேளுங்கள். துளை முறையில் ஒருமுறை மட்டும் பயன்படும் கருவிகளுக்குத் தனியார் மருத்துவமனைகளில் தனிக் கட்டணம் வரும். ‘பேக்கேஜில் இது சேர்ந்ததா’ என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.

உள்ளே என்ன செய்கிறார்கள்

எந்த முறையானாலும் உள்ளே நடப்பது ஒரே வேலைதான். பித்தப்பையையும் உப்பிய குழாயையும் சேர்த்து எடுக்கிறார்கள். கட்டியின் பின்னால் கல்லீரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய், முன்னால் சில சமயம் வலது ஈரல் தமனி. அடிக்கடி தொற்று வந்த கட்டி இவற்றோடு பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படி இருந்தால் பின்சுவரின் வெளித்தோலை அங்கேயே விட்டு, உள் சவ்வை மட்டும் உரித்தெடுப்பார்கள்.

கீழ்முனையை எங்கே கட்டுவது என்பது நூலிழைக் கணக்கு. அதிகம் கீழே போனால் கணையக்குழாய் காயப்படும். அதிகம் மேலே நிறுத்தினால் மிச்சக் குழாய்க்குள் கல்லும் கசடும் சேர்ந்து, வருடங்கள் கழித்துக் கணைய அழற்சியாக வரும்.

பிறகு மேல்முனையைக் குடலோடு இணைக்க வேண்டும். வழக்கமான முறையில் சிறுகுடலை, அது தொடங்கும் வளைவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கீழ்ப்பகுதியின் ஒரு முனையை மேலே ஏற்றிக் கல்லீரல் குழாயோடு தைப்பார்கள். மேலேறும் அந்தக் குடல் பெரும்பாலும் 25 முதல் 40 செ.மீ. நீளம் விடப்படுகிறது. உணவும் கிருமியும் கல்லீரல் பக்கம் ஏறாமல் இருக்கத்தான் அந்த நீளம். வெட்டிய மறுமுனையைக் கீழே பக்கவாட்டில் சேர்ப்பார்கள். ஆக இரண்டு ஒட்டு. மேல் ஒட்டில்தான் கைத்திறன் தெரியும். குழாயின் வாய் பெரும்பாலும் ஒரு செ.மீ.கூட இருக்காது. நூல் 5-0 அல்லது 6-0, தலைமுடிப் பருமன், தானே கரைவது. தையலுக்குத் தையல் 1 முதல் 2 மி.மீ. இடைவெளி. நெருக்கிப் போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து பின்னால் சுருங்கும். விலக்கிப் போட்டால் பித்தம் கசியும்.

இன்னொரு வழி, மேல்முனையை நேராக, இரைப்பையை அடுத்துள்ள முன்சிறுகுடலோடு இணைத்துவிடுவது. ஒரே ஒட்டு, நேரம் மிச்சம், பின்னாளில் எண்டோஸ்கோப்பி விட்டால் எட்டும். குறை, பித்தம் இரைப்பைக்குள் ஏறி எரிச்சலும் கசப்பு வாந்தியும் வரலாம். துளை முறையில் நேரத்தைக் குறைக்கச் சிலர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே இரண்டு மருத்துவமனைகளை ஒப்பிடும்போது, துளையா திறப்பா என்பதோடு எந்த இணைப்பு என்றும் கேளுங்கள். ‘அங்கே மூன்று மணி நேரம், இங்கே ஐந்து மணி நேரம்’ என்ற வித்தியாசத்துக்குக் காரணம் பல சமயம் இதுதான்.

வெளியே என்ன மாறுகிறது

திறந்த முறையில் வலது விலா எலும்புக்குக் கீழே ஒரு வெட்டு. குழந்தையின் அளவைப் பொறுத்து 6 முதல் 10 செ.மீ. கை உள்ளே போகும். ஒட்டிய இடத்தை விரலால் உணர்ந்து பிரிக்கலாம், ரத்தம் வந்தால் அழுத்திப் பிடிக்கலாம். பழக்கப்பட்ட கைகளில் மூன்று நான்கு மணி நேரம். விலை என்னவென்றால், வலி அதிகம், இருமப் பயந்து குழந்தை மூச்சை மேலோட்டமாக விடும், சளி கட்டும். புண்ணில் சீழ் பிடிக்கும் வாய்ப்பும், பின்னாளில் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பு வரும் வாய்ப்பும் கூடுதல்.

துளை முறையில் தொப்புளில் 5 அல்லது 10 மி.மீ. துளை, மற்றவை 3 முதல் 5 மி.மீ. வயிற்றைக் கார்பன் டை ஆக்சைடு வாயுவால் உப்ப வைப்பார்கள். அழுத்தம் கைக்குழந்தைக்கு 8 முதல் 10, பெரிய பிள்ளைக்கு 10 முதல் 12 மி.மீ. பாதரசம். ஈரலைத் தூக்கிப் பிடிக்க வயிற்றுச் சுவர் வழியாகவே ஒரு தையல் போட்டு இழுத்துக் கட்டுவதும் உண்டு. குடலைத் தொப்புள் வழியாக வெளியே எடுத்து, கீழ் ஒட்டை வெளியிலேயே போட்டு உள்ளே விடுவார்கள். மேல் ஒட்டைக் கருவிகளால் உள்ளேயே தைக்க வேண்டும். கேமரா பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும். ஈரலடியின் ஆழத்தில் திறந்த முறையைவிடத் தெளிவாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் தொடு உணர்வு இல்லை, கருவியின் கோணம் துளை போட்ட இடத்தால் கட்டுப்பட்டது. நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகலாம்.

துளை முறைக்கென்றே சில சறுக்கல்கள் உண்டு. மேலே ஏற்றும் குடல் முறுக்கிக்கொண்டது கவனிக்கப்படாமல் போவது ஒன்று. அதைத் தடுப்பது, மேலே ஏற்றும்போது குடலின் விளிம்பைத் தொடக்கம் முதல் முடிவு வரை கண்ணால் தொடர்வதுதான். குடலின் சவ்வில் விட்ட இடைவெளியை மூடாததால் பின்னர் வேறு குடல் அதற்குள் நுழைந்து சிக்குவது இன்னொன்று. வாயு ரத்தத்தில் ஏறுவதால் மயக்க டாக்டர் சுவாசத்தைக் கூட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும். இதயத்தில் பெரிய ஓட்டையோ நுரையீரல் பலவீனமோ உள்ள குழந்தைக்கு அது சுமை.

இத்தாலியில் 1995-ல் ஆறு வயதுக் குழந்தைக்குத் துளை முறையில் இந்த ஆபரேஷன் நடந்ததாக முதல் அறிக்கை வந்தது. அதன் பிறகு சீனா, ஜப்பான், வியட்நாம், இந்தியா எனப் பல நாட்டு மையங்கள் தங்கள் கணக்கைக் காட்டியிருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் தெரிவது: துளை முறையில் ஆபரேஷன் நேரம் அதிகம், ரத்தப்போக்கு குறைவு, வாய்வழி உணவு சீக்கிரம், வீடு திரும்புவது இரண்டு மூன்று நாள் முன்னதாக. பித்தக் கசிவும் ஒட்டுச் சுருக்கமும் அதிகம் செய்யும் மையங்களில் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்று. எப்போதாவது செய்யும் மையங்களில் துளை முறையின் ஒட்டுகளில் சிக்கல் கூடுதலாக வந்த அனுபவமும் பதிவாகியிருக்கிறது. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பழைய கேஸ் ஷீட்டுகளைத் திருப்பிப் பார்த்து எழுதியவை. எளிய கட்டிகளைத் துளைக்கும் சிக்கலானவற்றைத் திறப்புக்கும் அனுப்பிவிட்டு ஒப்பிட்டால் துளை நல்லதாகத்தான் தெரியும். அதையும் கழித்துக்கொண்டு படிக்க வேண்டும்.

எந்தக் குழந்தைக்கு எது

வகை 1 கட்டி, தொற்று அதிகம் வராதது, ஒரு வயது தாண்டிய பிள்ளை, வேறு நோய் இல்லை, துளை முறையில் தொடர்ந்து செய்யும் குழு கையில் இருக்கிறது என்றால் துளை முறையைத் தயங்காமல் ஏற்கலாம். கைக்குழந்தைக்கும் செய்கிறார்கள், ஆனால் அது அதில் நிறையச் செய்தவர்களுக்கான வேலை.

கட்டி ஏற்கெனவே வெடித்திருந்தால், முன்பு வேறு எங்கோ வயிற்றைத் திறந்திருந்தால், ஈரல் இறுகி ரத்தக்குழாய்கள் புடைத்திருந்தால், திறந்த முறைதான் நியாயம். வகை 4ஏ-யில் கல்லீரல் வாசலில் குழாய் சுருங்கியிருந்தால் அதை வெட்டி அகலப்படுத்தித் தைக்க வேண்டியிருக்கும். அதைத் துளையில் செய்யக்கூடியவர்கள் இருக்கிறார்கள், எல்லோரும் அல்ல.

தழும்பைப் பற்றி. பெண் குழந்தை என்பதால் ‘தழும்பு தெரியக் கூடாது’ என்று பாட்டியிலிருந்து சித்தப்பா வரை சொல்வார்கள். விலா அடி வெட்டு புடவை கட்டினால் தெரியும் இடம்தான், பிள்ளை வளர வளர அதுவும் நீளும். அது அற்பக் கவலை என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் வரிசையில் அதற்கு மூன்றாவது இடம்: கைத்திறன், கட்டியின் தன்மை, அதற்குப் பிறகுதான் தழும்பு. ஒட்டு சுருங்கினால் மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டிவரும். அப்போது வரும் தழும்பு முதலில் தவிர்த்ததைவிடப் பெரிதாக இருக்கும்.

துளை முறையில் தொடங்கிவிட்டுப் பாதியில் வயிற்றைத் திறக்க நேரலாம். ரத்தம் நிற்கவில்லை, கட்டி பிரியவில்லை, குழாய் எது தமனி எது என்று தெரியவில்லை என்றால் திறப்பதே சரி. ஒப்புதல் படிவத்தில் அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்து வாங்குவார்கள். வெளியே காத்திருக்கும்போது ‘ஓப்பன் பண்ணிட்டாங்க’ என்று செய்தி வந்தால் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எப்பாடுபட்டாவது துளையிலேயே முடிப்பேன் என்று நிற்கும் டாக்டரிடம்தான் பயப்பட வேண்டும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

மரியாதையாக, ஒரு தாளில் எழுதி வைத்துக் கேளுங்கள். நல்ல டாக்டர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

- இந்தக் கட்டிக்கு மட்டும், இந்த முறையில், நீங்களும் உங்கள் குழுவும் எத்தனை செய்திருக்கிறீர்கள்? முதல் 30, 40 ஆபரேஷன்கள் வரை நேரமும் சிக்கலும் கூடுதலாக இருப்பதைப் பல மையங்களின் கணக்கு காட்டுகிறது. எண்ணிக்கை குறைவு என்றால், அனுபவமுள்ள ஒருவர் உடன் நிற்பாரா?
- மேல் ஒட்டை யார் தைப்பார்கள்?
- எந்த இணைப்பு, ஏன் அது?
- ஒட்டில் கசிந்தால், ராத்திரியில் ஸ்கேன் பார்த்துக் குழாய் போட இங்கே ஆள் உண்டா, வேறு ஊருக்கு அனுப்புவீர்களா?
- என்ன கண்டால் துளையிலிருந்து திறப்புக்கு மாறுவீர்கள்?

கடைசிக் கேள்விக்கு ‘அப்படி எல்லாம் நடக்காது’ என்ற பதில் வந்தால் இரண்டாவது கருத்து கேட்க இன்னொரு இடம் போங்கள்.

ஆபரேஷனுக்கு முன்

காய்ச்சலும் காமாலையும் இருக்கும்போது நேரடியாக ஆபரேஷனுக்குப் போவதில்லை. முதலில் ஆன்டிபயாடிக். அடங்காவிட்டால் தோல் வழியாக ஒரு குழாய் விட்டுப் பித்தத்தை வடித்து, நான்கு முதல் ஆறு வாரம் கழித்துப் பெரிய ஆபரேஷன். அந்தக் காத்திருப்பு வீண் அல்ல. வீங்கிய திசுவில் நூல் நிற்காது. பித்தம் குடலுக்குப் போகாத குழந்தைக்கு வைட்டமின் கே உறிஞ்சப்படாது, ரத்தம் உறைய நேரமாகும். ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். கூடியிருந்தால் வைட்டமின் கே ஊசி போட்டுச் சரிசெய்த பிறகே மேசைக்கு எடுப்பார்கள்.

பட்டினி நேரத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. சோறு, இட்லி, பிஸ்கட், மாட்டுப்பால், பவுடர் பால் எல்லாம் 6 மணி நேரம் முன்பு நிறுத்த வேண்டும். தாய்ப்பால் 4 மணி நேரம் முன்பு. வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை கொடுக்கலாம் என்பது பொது வழக்கம்; உங்கள் மயக்க டாக்டர் சொல்வதே கடைசி வார்த்தை. பால் கலந்த டீ, ஆர்லிக்ஸ் எல்லாம் பால் கணக்கு. ‘அழுதான், ஒரு வாய்தான் கொடுத்தேன்’ என்றால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தள்ளிப்போனால் ஒரு நாள்தான் நஷ்டம். மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போனால் அப்படி அல்ல.

வார்டில்

மூக்கில் ஒரு குழாய், சிறுநீருக்கு ஒன்று, வயிற்றின் பக்கவாட்டில் வடிகுழாய் ஒன்று இருக்கும். மூக்குக் குழாயில் பச்சையாக வருவது குறைந்து, குழந்தை காற்று விட்ட பிறகு தண்ணீர், பிறகு பால் அல்லது கஞ்சி என்று ஏற்றுவார்கள். துளை முறையில் பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் நாள், திறந்த முறையில் ஒன்றிரண்டு நாள் பின்னால்.

நீங்கள் பார்க்க வேண்டியது வடிகுழாய்ப் பையின் நிறம். முதல் நாள் இளஞ்சிவப்பு, பிறகு வைக்கோல் நிறம் சரி. நல்லெண்ணெய் போன்ற பொன் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் பித்தம் கசிகிறது. நர்ஸிடம் உடனே காட்டுங்கள். சிறு கசிவு வடிகுழாய் இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடைபடும். அதனால் பை காலியாகத் தெரிகிறது என்று குழாயை இழுத்துப் பார்ப்பதோ, படுக்கைக்கடியில் மடங்க விடுவதோ கூடாது. கசிவோடு வயிறு உப்பி, காய்ச்சலும் வந்தால் மறுபடி உள்ளே போக வேண்டிவரும்.

திறந்த முறைக் குழந்தைக்கு வலி மருந்தை நேரத்துக்குக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வலி குறைந்தால்தான் மூச்சு ஆழமாகும். நான்கு வயதுக்கு மேல் என்றால் சோப்பு நீர்க் குமிழி ஊதவிடுவது, பலூன் ஊதவிடுவது நல்ல மூச்சுப் பயிற்சி. சிக்கல் இல்லாவிட்டால் துளை முறையில் ஐந்து முதல் ஏழு நாளிலும், திறந்த முறையில் ஏழு முதல் பத்து நாளிலும் வீடு.

வீட்டில்

பத்தியம் வேண்டாம். உப்பில்லாமல் எண்ணெயில்லாமல் மாதக்கணக்கில் வெறும் கஞ்சி கொடுத்துப் பிள்ளையை இளைக்க வைப்பது இந்த ஆபரேஷனுக்குப் பின் தேவையே இல்லை. இட்லி, பருப்புச் சோறு, முட்டை, குழம்பில் போட்ட மீன் எல்லாம் கொடுக்கலாம். பொரித்தது, முந்திரி, பலாச்சுளை போன்றவற்றை முதல் சில வாரம் கொஞ்சமாக. துளை போட்ட பிள்ளை இரண்டு வாரத்தில் பள்ளிக்குப் போகலாம், திறந்த பிள்ளை மூன்று நான்கு வாரத்தில். மரம் ஏறுவது, கடலில் குளிப்பது, கபடி எல்லாம் ஆறு வாரத்துக்குப் பிறகு.

காய்ச்சல்தான் முக்கியம். கல்லீரல் குழாயைக் குடலோடு இணைத்த பிள்ளைக்கு 100.4 டிகிரிக்கு மேல் குளிரோடு காய்ச்சல் வந்தால், அது வைரஸ் காய்ச்சலாகவும் இருக்கலாம், பித்தக்குழாய்த் தொற்றாகவும் இருக்கலாம். வீட்டில் பாராசிட்டமால் கொடுத்து மூன்று நாள் பார்க்காமல் அன்றே ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள்: ரத்த அணுக்கள், காமாலை அளவைக் காட்டும் பிலிருபின், பித்தம் தடைபட்டால் ஏறும் ஜி.ஜி.டி. என்ற ஈரல் நொதி; கூடவே அல்ட்ராசவுண்ட். கண் மஞ்சள், வெளிறிய மலம், டீ நிறச் சிறுநீர், நிற்காத பச்சை வாந்தி, வயிறு கல் மாதிரி உப்புவது எல்லாமே அன்றே போக வேண்டியவை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை பெருகி வந்தது போன்ற நாட்களில் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போக வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். கடலூர் தலைமை மருத்துவமனையோ சிதம்பரமோ, எது கிட்டேயோ அங்கே டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டி முதல் ஆன்டிபயாடிக் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். வழி திறந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

ஒட்டுச் சுருக்கம் ஆபரேஷன் முடிந்து மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்துத்தான் தலைகாட்டும். முதல் அறிகுறி பிள்ளைக்குத் தெரியாது. ஸ்கேனில் ஈரலுக்குள் குழாய்கள் மெல்ல விரியும், ஜி.ஜி.டி. ஏறும். அதனால் ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், பிறகு வருடம் ஒருமுறை ஸ்கேனும் ஈரல் பரிசோதனையும். பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறாள் என்று நான்காம் வருடத்தில் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். கட்டியை எடுத்தபின் புற்றுநோய் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது, பூஜ்யமாவதில்லை. பதினெட்டு வயதில் பெரியவர்களுக்கான ஈரல் பிரிவுக்கு மாற்றிக்கொண்டு அதே பழக்கத்தைத் தொடர வேண்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் நான்கு விஷயம் எழுதியிருக்கிறதா என்று வார்டை விட்டுக் கிளம்பும் முன் பாருங்கள்: கட்டியின் டொடானி வகை, எந்த இணைப்பு, மேலேற்றிய குடலின் நீளம், எடுத்த கட்டியின் பயாப்சி முடிவு. பயாப்சி வரப் பத்து நாள் ஆகும். ‘பிறகு வாங்கிக்கொள்கிறோம்’ என்று போய் மறந்துவிடாதீர்கள். நான்கும் உள்ள தாளை ஜெராக்ஸ் எடுத்து ஒன்றை ரேஷன் கார்டோடு வையுங்கள், படம் எடுத்து அப்பா அம்மா இருவர் போனிலும் வையுங்கள். இருபது வருடம் கழித்துப் பிரசவத்துக்குப் போகும்போது, வயிற்றில் துளைத் தழும்பு மட்டும் இருப்பதால் பித்தப்பை எடுத்திருப்பார்கள் என்று மகப்பேறு டாக்டர் நினைத்துவிடக் கூடாது. அந்தத் தாளை அவள் கையில் கொடுத்தனுப்புங்கள்.